கறையம்மாவின் எலுமிச்சைத் தண்ணீர்

சலவைக்கூடத்தில் என் அத்தையை எல்லோரும் கறையம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவள் இஸ்திரி மேஜையில் நிற்கும் வாயாடி. வாயாடிக்குப் பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை. அவள் வேலைக்கு வந்து வாயைத் திறந்த அன்றே அது தானாக ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாகத் துணி வரும் பெரிய சலவைக்கூடம் அது. உள்ளே நுழைந்தால் நீராவி மூக்கில் ஏறும். இயந்திரங்களின் இரைச்சலில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிடும். அத்தை "தண்ணி குடிச்சியா?" என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரரும் குடித்துவிடுவார்.

மாமா வேறொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டு போன வருஷம் அத்தை அங்கே துணி மடிக்கச் சேர்ந்தாள். போகும்போது மாமா நல்ல இஸ்திரிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரைப் பற்றி அத்தை வாய்விட்டுச் சொல்லும் குறை அது ஒன்றுதான். மடிக்கும் மேஜையில் அத்தைக்குப் பெயர் கிடையாது. சூப்பர்வைசர் "ஏய்" என்பார், நாலு பேர் திரும்புவார்கள், அதில் அத்தையும் ஒருத்தி.

கறை எடுக்கும் கை அவளுக்கு இயல்பாகவே இருந்தது. ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர், எண்ணெய்க்கு முதலில் பவுடர், மைக்குப் பொறுமை. இதெல்லாம் அவளே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. துருக்கறை மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. கூடத்தின் தள்ளுவண்டிகள் துருப்பிடித்துப்போய், பெரிய ஹோட்டல் ஒன்றின் மேஜைத்துணியில் எல்லாம் பழுப்புக் கோடுகள் விழுந்தன. ஹோட்டல்காரர் இனிமேல் துணி அனுப்பமாட்டேன் என்றார். சூப்பர்வைசர் தலையில் கைவைத்து உட்கார்ந்த அன்று சாயங்காலம், அத்தை வீட்டுக்கு வரும் வழியில் இரும்புச் சாமான் கடையில் நுழைந்தாள். "துருவை எடுக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். கடைக்காரர் ஒரு சின்ன பிளாஸ்டிக் கேனை எடுத்து வைத்து, "கைய மட்டும் பத்திரமா பாத்துக்குங்கம்மா" என்றார்.

மறுநாள் அதில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி எடுத்துப்போனாள். பஞ்சில் தொட்டு ஒற்றினாள். துரு யாரோ ஊதி அணைத்ததுபோலக் காணாமல் போயிற்று. சூப்பர்வைசர் துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னங்க போட்டீங்க?"

அத்தை உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாளாம். அந்த 'ங்க' தடுத்துவிட்டது. கேனின் பெயரைச் சொன்னால் நாளைக்கே அவர் நாலு கேன் வாங்கி மேஜைக்கு ஒன்றாக வைத்துவிடுவார். மறுபடி 'ஏய்' ஆகிவிடுவோம் என்று பயந்தாள்.

"எலுமிச்சை உப்பு. வீட்ல நானே கலந்தது."

ஜன்னலோரம் தனி மேஜை கிடைத்தது. உட்கார ஸ்டூல், பூட்டுப் போட ஒரு சின்ன அலமாரி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெயர். சொன்ன பொய்யைப் பிறகு வளர்த்தாக வேண்டியிருந்தது. யாராவது மோந்து பார்த்தால் என்ன செய்வது என்று பாட்டிலில் எலுமிச்சை எசன்ஸ் நாலு சொட்டு விட்டாள். வீட்டில் கேனைக் குப்பைக்காரன் பார்த்துவிடுவானோ என்று அதன் மேலிருந்த காகிதத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்தாள். கொஞ்ச நாளில் அந்தக் கண்ணாடி பாட்டில் உள்பக்கம் பனி படர்ந்தாற்போல மங்கிவிட்டது. எவ்வளவு கழுவியும் தெளியவில்லை. கண்ணாடியையே தின்கிறதே என்று பயந்து, பச்சை மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாற்றினாள். அன்றிலிருந்து தடித்த ரப்பர் கையுறை இல்லாமல் அதைத் தொட்டதில்லை.

"எலுமிச்சைத் தண்ணிக்கு எதுக்குக்கா கையுறை?" என்று வாயாடி கேட்டாள்.

"எனக்குத் தோல் வெடிக்கும்டி."

அடுத்த வாரமே வாயாடி ஒரு டப்பா வாசலின் வாங்கிவந்து அத்தையின் மேஜையில் வைத்தாள். "தடவுங்க. ரகசியத்தைத்தான் சொல்ல மாட்டேங்கறீங்க, கையாவது நல்லா இருக்கட்டும்."

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. வருஷக்கணக்காக ஊர் ஊராக அலைந்துவிட்டு நான் அத்தை வீட்டில் பெட்டியை இறக்கியபோது, எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் கை பட்டால் எந்தத் துணியும் வெளுக்கும் என்பதுதான்.

அன்று அத்தைக்கு லீவு. முந்தின நாள் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தார்கள். கன்னம் ஒரு பக்கம் வீங்கி, வாயில் பஞ்சை அதக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலேயே சூப்பர்வைசர் போன் செய்தார். வீங்கிய கன்னத்தில் வைத்துப் பேச அத்தைக்குச் சிரமமென்று ஒலிபெருக்கியில் போட்டு நான் மேஜையில் வைத்தேன்.

"கறையம்மா, மன்னிச்சுக்குங்க. மேஜைத்துணி மத்தியானம் வண்டி ஏறணும். நாலஞ்சுல துரு. வாயாடி நான் பண்றேங்கறா."

போன் அவள் கைக்கு மாறியது. "அக்கா! பல்லு போனா என்ன, சொல்லு போகலியே? பாட்டில் எங்க இருக்கு, சொல்லுங்க. இன்னிக்கு உங்க ரகசியத்தைக் கறந்துடறேன்."

"சாவி சூப்பர்வைசர்கிட்ட ஒண்ணு இருக்கு. பச்சை மூடி. பஞ்சுல தொட்டு ஒத்து. அப்புறம் நல்லா அலசு."

"உங்க கையுறை உள்ள இருக்கு. போட்டுக்கணுமா?"

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள்.

"அது என் தோலுக்குடி. உனக்கெதுக்கு?"

"அதானே பார்த்தேன், இதுக்குள்ள என் விரலு நுழைஞ்சா வெளிய வராது. உடம்ப பாத்துக்குங்கக்கா."

போனை அணைத்த பிறகும் அத்தை அதன் மேல் கையை வைத்தபடி வெகுநேரம் இருந்தாள். "என்ன அத்தை?" என்றேன். "வாயில பஞ்சு. பேச முடியல" என்றாள். பேச முடியாதவள் அவ்வளவு நேரம் என்ன பேசினாள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நாள் முழுதும் கடிகாரத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். பல் வலி என்று நினைத்துக்கொண்டேன்.

பிற்பகலில் மறுபடி சூப்பர்வைசர். குரலில் பதற்றம்.

"வாயாடியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம். துணி எல்லாம் முடிச்சு, சாப்பிட்டு, சிரிச்சுப் பேசிட்டுத்தான் இருந்தா. திடீர்னு விரல் வலிக்குதுன்னு ஆரம்பிச்சா. இப்ப அலறுறா. விரலப் பார்த்தா ஒண்ணுமே இல்ல, கொஞ்சம் வெளுத்திருக்கு, அவ்வளவுதான். என்ன பட்டுதுன்னு கேட்டாங்க. அவளே எலுமிச்சை உப்புன்னு சொன்னா. நர்ஸ் விரல மோந்து பாத்துட்டு ஆமா எலுமிச்சைதான்னாங்க. வலி மாத்திரை குடுத்து பெஞ்சுல உக்கார வச்சிருக்காங்க. எதுக்கும் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. அதுல வேற எதாவது கலந்திருக்கீங்களா?"

"இல்லியே" என்றாள் அத்தை. "எலுமிச்சை உப்புதான்."

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஒரு டம்ளரைக் கழுவினாள். துடைத்தாள். அதையே மறுபடி கழுவினாள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வலின்னா என்ன வலியாம்?" என்று முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"அலறுறாங்களாம், அத்தை."

"அவ வலிக்குக் கத்துற ஆளில்ல. ஒரு தடவ இஸ்திரிப் பெட்டி காலில விழுந்துது. சிரிச்சா." டம்ளர் கையிலிருந்து நழுவித் தொட்டியில் உருண்டது. "ஸ்டூலை எடு."

பரண் மேலே பழைய துணிகளுக்குப் பின்னாலிருந்து அந்தக் கேனை அவள் இறக்கினாள். கையில் வாங்கப் போன என்னைத் தடுத்து, தானே பிளாஸ்டிக் பைக்குள் பை போட்டு அதை இறுக்கிக் கட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வாடகை வண்டியில்தான் எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடி பாட்டில், எசன்ஸ், சுரண்டிய காகிதம். ஓட்டுநர் பின்பார்வைக் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். அத்தைக்குக் குரலைத் தணித்துப் பேச வராது.

"காலையில பஞ்சு இருந்துது வாயில. அதான் சொல்லல" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "பஞ்சு மேல ஏன் பழி போடறேன்" என்றாள்.

அவசரப் பிரிவின் பெஞ்சில் வாயாடி வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. எங்களைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவள் வாய் மூடியிருந்து அன்றுதான் பார்த்தேன் என்று சூப்பர்வைசர் பிறகு சொன்னார். அத்தை அவளிடம் போகாமல் நேராக நர்ஸ் மேஜைக்குப் போனாள்.

"நர்சம்மா, அந்தப் பொண்ணு கைல பட்டது நான் வச்சிருந்த தண்ணி. அதுல... வேற மருந்தும் இருக்கு."

"என்ன மருந்து?"

"துரு எடுக்கிறது."

"எலுமிச்சை உப்புன்னாங்களே. வாசனையும் அதானே வந்துது?"

"வாசனைக்கு எசன்ஸ். மருந்து இதுதான்." பையை மேஜைமேல் வைத்தாள்.

நர்ஸ் பையைத் திறக்கவில்லை. எழுந்துபோய் முதலில் தன் கைகளைக் கழுவிக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு, டாக்டரைக் கூப்பிட்டு வந்தார். தூக்கம் கெட்ட கண்களும் வாரப்படாத தலையுமாக இருந்த அந்த டாக்டரம்மா கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மூலையில் மட்டும், கையில் சொட்டு விழுந்து அரிப்பதுபோல வரைந்த படம் மிச்சமிருந்தது.

"பேர் இருந்த இடத்தை யார் கிழிச்சது?"

"நான்தான்."

"இந்தப் படம் எல்லா ஆசிட்டுக்கும் இருக்கும்மா. எந்த ஆசிட்னு தெரிஞ்சாதான் நான் எதாவது பண்ண முடியும். ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. யோசிச்சுப் பாருங்க."

பக்கத்தில் சூப்பர்வைசர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் கூடத்திலிருந்து வந்த இன்னும் ரெண்டு பெண்கள். அத்தை அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"பேர் தெரியாது டாக்டர். ஆனா மொதல்ல கண்ணாடி பாட்டில்ல வச்சிருந்தேன். உள்ள எல்லாம் அரிச்சு, பனி படிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. பயந்துட்டுத்தான் பிளாஸ்டிக்குக்கு மாத்தினேன்."

டாக்டர் கேனைக் கீழே வைத்தார். "கண்ணாடி அரிச்சுதா? நிச்சயமா?"

"என் கண்ணால பாத்தேன்."

"எந்தக் கடைல வாங்கினீங்க? நம்பர் இருக்கா?"

எண்ணைத் தேடி நான் போன் செய்தேன். கடைக்காரர் வேறொரு கேனை எடுத்து, மூக்குக்கண்ணாடி போட்டுக்கறேன் இருங்க என்று சொல்லிவிட்டு, எழுத்துக் கூட்டி வாசித்தார். நான் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொன்னேன். ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட். சொல்லி முடிக்குமுன் டாக்டர் வாயாடியை உள்ளே படுக்கைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். பிறகு கேள்விகள் மளமளவென்று வந்தன. எப்போது பட்டது, எவ்வளவு நேரம் கையில் இருந்தது, உடனே கழுவினாளா, கண்ணில் வாயில் பட்டதா? சிலதற்கு வாயாடி தலையசைத்தாள். மற்றதெல்லாம் அத்தைக்கு.

"தண்ணி கலந்ததா, அப்படியேவா?"

"பாதிக்குப் பாதி தண்ணி ஊத்துவேன்." ஒரு கணம் நின்றாள். "எப்பவும் ஊத்துவேன். இந்தத் தடவ ஊத்தல. கறை சீக்கிரம் போகணும்னு அப்படியே ஊத்தி வச்சிருந்தேன்."

"வேற யார் தொட்டாங்க?"

"அவ மட்டும்தான். ஆனா பாட்டில் இன்னும் அங்கதான் மேஜைல இருக்கு."

"போன் பண்ணி யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லுங்க. இப்பவே."

அத்தை சூப்பர்வைசரின் போனை வாங்கினாள். இரைச்சலுக்கு மேல் கேட்கவேண்டும் என்று, எப்போதும் போலக் கத்தித்தான் பேசினாள். "நான் கறையம்மா பேசறேன். பச்சை மூடி பாட்டிலை யாரும் தொடாதீங்க. அது எலுமிச்சை இல்ல. ஆசிட்டு. ஆமா, ஆசிட்டு. எப்பவுமே ஆசிட்டுதான்." அவசரப் பிரிவில் இருந்த எல்லோருமே திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த ஆசிட் மேலே ஒன்றும் காட்டாமல் உள்ளே இறங்கி, எலும்பிலிருக்கும் கால்சியத்தைப் பிடிக்கும், ரத்தத்தில் ஏறினால் இதயத்தையே தொடும் என்று டாக்டர் எனக்குச் சொன்னார். அதனால்தான் வாயாடியின் மார்பில் ஒயர்களை ஒட்டி இதயத்துடிப்பைப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். அதற்கான களிம்பு தயாராக இல்லை. நர்ஸ் கால்சியம் மருந்தைக் குழகுழப்பான ஜெல்லியில் போட்டுக் கலக்கினார். அதை ஒரு ரப்பர் கையுறைக்குள் நிரப்பி, வாயாடியின் கையை மெல்ல உள்ளே நுழைத்து, வெளியிலிருந்து விரல் விரலாக அமுக்கித் தேய்த்தார்.

அத்தை அந்தக் கையுறையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மரத்துப்போக ஊசி போட மாட்டேன்" என்றார் டாக்டர். "மருந்து வேலை செய்யுதான்னு வலிதான் சொல்லணும். கொறைஞ்சா நல்லது. கொறையலைன்னா விரல்லயே ஊசி போடணும். அப்புறம்கூட விரலுக்கு நான் உத்தரவாதம் இல்ல." பிறகு அத்தையிடம், "கொஞ்சம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

"முன்னாடியே கேட்டாங்க டாக்டர்" என்றாள் அத்தை. "நான்தான் இல்லைன்னுட்டேன்."

டாக்டர் இதயத்துடிப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அவருக்கு வேறு வேலை இருந்தது.

படுக்கையின் கால்மாட்டில் நாங்கள் காத்திருந்தோம். வாயாடி கூரையைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்திருந்தாள். நர்ஸ் தேய்த்துக்கொண்டே இருந்தார். அத்தைக்கு வீங்கிய கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. துணி உலர்த்தும் இயந்திரத்தின் முன்னால் நிற்பவளைப் போல, சத்தம் மாறுகிறதா என்று காது கொடுத்துக்கொண்டு நின்றாள்.

முதலில் வாயாடியின் தோள் இறங்கியது. பிறகு தாடை தளர்ந்தது. தலையைத் திருப்பி அத்தையைப் பார்த்தாள்.

"அக்கா."

"சொல்லுடி." அத்தை தலைமாட்டுக்கு ஓடினாள். "வலிக்குதா?"

"உங்க கையுறை. அதுக்குத்தானா?"

"ஆமா."

"தோல் வெடிக்கும்னது?"

"இல்ல."

"நான் கேட்டேனேக்கா காலையில. போட்டுக்கணுமான்னு கேட்டேன்."

"கேட்ட. கேட்டடி."

"வாசலின் வாங்கிக் குடுத்தேனே, அத என்ன பண்ணீங்க?"

"வீட்ல இருக்கு."

"தொறக்கலியா?"

"இல்ல."

வாயாடி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் தேய்ப்பதை நிறுத்தாமல், "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"கொறைஞ்சிருக்கு சிஸ்டர்" என்றாள் சுவரைப் பார்த்தபடியே. "பேச முடியுதுல்ல."

அத்தை அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

விரல்கள் தப்பின. ரெண்டு நகம் கறுத்து விழுந்து, கோணலாக முளைத்தன. ஆள்காட்டி விரல் நுனியில் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. துணி காய்ந்துவிட்டதா என்று இப்போது அவள் இடது கையால்தான் தொட்டுப் பார்க்கிறாள். சலவைக்கூடத்தில் அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். துரு போகாத மேஜைத்துணிகளைக் கிழித்துத் துடைக்கிற துணியாக்குகிறார்கள். தள்ளுவண்டிகளுக்கு ஒருவழியாகப் பெயின்ட் அடித்தார்கள், முதலிலேயே செய்திருக்க வேண்டியது. ஜன்னலோர மேஜையில் இப்போது பட்டன் தைக்கிறார்கள். அத்தை மடிக்கிற மேஜைக்குத் திரும்பிவிட்டாள். சூப்பர்வைசர் 'ங்க' போட்டுத்தான் பேசுகிறார், ஆனால் எதுவும் கேட்பதில்லை.

வாயாடி வேலைக்குத் திரும்பிய வாரம், ஆறிய தோல் காயாமல் எதையாவது தடவச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அத்தை அந்த வாசலின் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். நான் அன்று அவளைக் கூட்டிவரப் போயிருந்தேன். நீராவிக்கும் இரைச்சலுக்கும் நடுவே வாயாடி யாரையோ கிண்டல் செய்து கத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தை டப்பாவை இஸ்திரி மேஜையின் ஓரத்தில் வைத்தாள். சிரிப்பு நின்றது. வாயாடி அதை இடது கையால் எடுத்து மூடியைப் பார்த்தாள், ஒட்டியிருந்த காகிதம்கூடக் கிழியவில்லை.

"இது உங்களுக்கு வாங்கினதுக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நீங்களே வச்சுக்குங்க."

அத்தை அதைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணில் கேன் இருந்த இடத்தில் டப்பாவை வைத்தாள். வைத்தவள் மறுபடி எடுத்தாள். கீழே இறங்கி, தினமும் கண்ணில் படும்படி அடுப்படி ஜன்னலில் வைத்தாள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை.